காற்று பிரிகிறதா?



வாசகர் வட்டத்தின் இந்த மாதக் கூட்டத்துக்கு என்ன தலைப்பு என்று கேட்டார்கள். பேதி மருந்து என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அழைப்பிதழில் 'வயிற்று நலம்' என்று நாகரிகமாகப் போட்டுவிட்டார்கள். போகட்டும். மேடையில் எனக்கு அந்த நாகரிகம் வேண்டாம். மலம், காற்று, வாந்தி, பேதி என்றே பேசப்போகிறேன். நான் அறுவை மருத்துவன். சொல்லக் கூசி, வீட்டிலேயே வைத்தியம் பார்த்து, வயிறு பானைபோல் ஊதிய பிறகு ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களை நிறையப் பார்த்தவன். கூச்சத்தைவிடக் குடல் பெரிது.

பேதி மருந்து நமக்கு அந்நியமா? இல்லவே இல்லை. விளக்கெண்ணெய் இல்லாத வீடு ஒரு காலத்தில் கிடையாது. கடுக்காய் நம் வீட்டுச் சரக்கு. நிலவாகை இருக்கிறதே, தென்மாவட்டத்து விவசாயிகள் அவுரி என்றும் சொல்வார்கள், அது திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்து கப்பலேறிப் போகிற பயிர். பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே 'டின்னவெல்லி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரோடு அது இடம்பெற்றது. உலகத்துக்கே பேதி மருந்து அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம். ஆகவே பேதி மருந்தைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. மாரடைப்பு வந்தவர் முக்கக் கூடாது என்று நாங்களே எழுதிக் கொடுப்போம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுத்தால், கூடவே மலமிளக்கியும் கொடுத்தாக வேண்டும். நல்ல மருந்துதான். ஆனால் யாருக்கு? எந்த உடம்புக்கு? எந்த நாளில்?

இந்தக் கேள்வியை நம் முன்னோர் கேட்டார்கள். சரக சம்ஹிதையை எடுத்துப் பாருங்கள். பேதி கொடுக்கத் தகாதவர்கள் என்று நீளமான பட்டியலே இருக்கிறது. பேதியை நம்பியவர்களே அப்படிப் பட்டியல் போட்டுப் பயந்தார்கள். நாமோ பேதியை வைத்துக்கொண்டோம், பட்டியலைத் தொலைத்துவிட்டோம். இன்று மெடிக்கல் ஷாப்பில் போய், "வயித்துக்கு ஏதாவது குடுங்க" என்றால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வயிற்று வலி என்று யார் வந்தாலும் அறுவை வார்டில் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "காத்து பிரியுதா?" இளம்பிள்ளைகள் சிரிப்பார்கள். புதுமணப்பெண் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் அந்தப் பதிலில்தான் உயிர் இருக்கிறது. மலம் போகவில்லை, காற்று பிரிகிறது, வலி இல்லை, வாந்தி இல்லை என்றால் அது பெரும்பாலும் சாதாரண மலச்சிக்கல். மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை, வயிறு உப்புகிறது, விட்டு விட்டுப் பிடுங்கும் வலி, வாந்தி என்றால் அது குடல் அடைப்பு. அங்கே பேதி மருந்துக்கு இடமே கிடையாது.

ஏன்? வாசல் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே கூட்டம் நெருக்கியடிக்கிறது. பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் என்ன ஆகும்? அதுதான் அடைபட்ட குடலுக்குள் பேதி மருந்து செய்கிற வேலை. நிலவாகையும் பிஸாகோடைல் மாத்திரையும் குடலைச் சுருங்கச் சொல்லித் தூண்டுகின்றன. உப்பு வகை மருந்துகள் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கின்றன. வெளியேற வழியில்லாத இடத்தில் அழுத்தமும் ஏறி, நீரும் சேர்ந்தால் குடல் கிழியும்.

யாருக்கெல்லாம் அடைப்பு வரும்? முன்பு எப்போதோ வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வரும். சிசேரியனோ கர்ப்பப்பை ஆபரேஷனோ நடந்து பத்து வருடம் கழித்துக்கூட, உள்ளே ஒட்டிக்கொண்ட சவ்வு குடலை மடக்கிப் பிடிக்கலாம். அந்தத் தழும்பை மறந்துவிடாதீர்கள். தொடை இடுக்கில் ஹெர்னியா உள்ளவருக்கு வரும். தினமும் படுத்தால் உள்ளே போகிற கட்டி, இன்று போகவில்லை, கல்போல் இறுகி வலிக்கிறது என்றால் குடல் அங்கே மாட்டிக்கொண்டது என்று பொருள். வயதானவர்களுக்குக் குடல் முறுக்கிக்கொள்ளும். நம் நாட்டில் குடல் காசநோயும் ஒரு காரணம். டிபி நுரையீரலுக்கு மட்டும் என்று யார் சொன்னது? சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வழியைச் சுருக்கிவிடும். பெருங்குடல் புற்றுநோயும் வழியை அடைக்கும்.

பேதி மருந்து ஆகாத இரண்டாவது இடம், நீங்கள் எல்லோரும் அறிந்த பெயர்: அப்பெண்டிக்ஸ். குடல்வால். 1886இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் குடல்வால் வீங்கும் நோயைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். அதற்கு முன்பும் பின்பும், வலது அடிவயிற்று வலிக்கு உலகமெங்கும் நடந்த கைவைத்தியம் என்ன தெரியுமா? பேதி மருந்துதான். இதை நிறுத்துவதற்காகவே 1930களில் பிலடெல்பியா நகரத்து மருத்துவர்கள் பெரிய பிரசாரம் நடத்தினார்கள். வயிற்று வலிக்குப் பேதி மருந்து கொடுக்காதே, கொடுக்காதே என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். இன்றைக்கும் அமெரிக்காவில் விற்கிற பேதி மருந்து டப்பாக்களில், வயிற்று வலி, குமட்டல், வாந்தி இருந்தால் சாப்பிடாதே என்ற எச்சரிக்கை அச்சாகிறது.

நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். இது ஒரு குடும்பத்தின் கதை இல்லை. அறுவை வார்டுகள் எல்லாம் அறிந்த கதை. பன்னிரண்டு வயதுப் பையன். காலையில் தொப்புளைச் சுற்றி வலி என்கிறான். தோசை வேண்டாம் என்கிறான். ஒரு தடவை வாந்தி. பாட்டி சொல்கிறாள்: "நேத்து கல்யாண வீட்ல கண்டதையும் தின்னான், செமிக்கல. சூடும் சேர்ந்துகிச்சு. ரெண்டு கரண்டி எண்ணெய் குடுத்தா எல்லாம் போயிடும்." கொடுத்தாயிற்று. மத்தியானம் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது. பையன் நிமிர்ந்து நடக்கவில்லை, வலது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடக்கிறான். இரவில் இரண்டு தடவை பேதியாகிறது. விடியற்காலை, சட்டென்று வலி குறைகிறது. வீடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. "பாத்தியா, எண்ணெய் வேலை செஞ்சிருச்சு!"

எண்ணெய் வேலை செய்யவில்லை அம்மா. குடல்வால் வெடித்துவிட்டது. உள்ளே இறுகியிருந்த அழுத்தம் போனதால் சற்று நேரம் வலி தணிந்தது. அவ்வளவுதான். சில மணி நேரத்தில் சீழ் வயிறு முழுவதும் பரவும். காய்ச்சல் அடிக்கும். வயிறு பலகைபோல் இறுகும்.

பேதி மருந்து இங்கே இரண்டு கெடுதல் செய்கிறது. குடல்வால் வீங்கியதும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புச் சவ்வு ஓடிவந்து அதைச் சுற்றி மூடி, சீழ் பரவாமல் காவல் காக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் குடலை முறுக்கி உருட்டினால் காவல் குலையும். இது ஒன்று. இன்னொன்று, என்னைக் கேட்டால் இதுதான் பெரிது: நேரம். பேதி ஆகட்டும் பார்ப்போம் என்று காத்திருந்த அந்தப் பதினெட்டு மணி நேரம். மருந்து கெடுத்ததைவிட, மருந்து கொடுத்தோம் என்ற நம்பிக்கை கெடுத்தது அதிகம்.

குழந்தைகளிடம் வருகிறேன். இங்கே தாய்மார்கள் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். ஆறேழு மாதக் குழந்தை. கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுகிறது. இரண்டு நிமிடத்தில் அழுகை நிற்கிறது, சோர்ந்து தூங்குகிறது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அதே அலறல். இதற்கு 'உரம் விழுந்திருக்கு' என்றோ, 'வயிறு கட்டிக்கிச்சு' என்றோ சொல்லி விளக்கெண்ணெய் புகட்டாதீர்கள். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். ரத்தமும் சளியும் கலந்து மலம் வந்தால் அது தாமதமான அடையாளம். பிறந்த குழந்தை முதல் இரண்டு நாளில் கறுப்பு மலம் கழிக்கவில்லையா? அது மருத்துவர் பார்க்க வேண்டிய சேதி. குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குளிப்பாட்டியதும் குழந்தையைக் காலில் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் புகட்டுவது, மூக்கிலேயே எண்ணெய் விடுவது நம் பக்கத்து வழக்கம். அலறுகிற குழந்தைக்கு எண்ணெய் வயிற்றுக்கா போகும்? நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் இருமலைக்கூடச் சரியாகத் தூண்டாது; சத்தமில்லாமல் இறங்கிவிடும். பிறகு வருவது சாதாரணச் சளி இல்லை, எண்ணெயால் வரும் நிமோனியா. தமிழ்நாட்டுக் குழந்தைநல மருத்துவர்களுக்கு இது பழகிய நோய்.

இதே ஆபத்து வயதின் அந்த முனையிலும் இருக்கிறது. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிற பெரியவருக்கு, படுத்த படுக்கையில் லிக்விட் பாரஃபின் கலந்த மருந்தை ஊற்றாதீர்கள். அதுவும் எண்ணெய்தான். நிறையப் பேர் பாதுகாப்பானது என்று நினைக்கிற இசப்கோல் கூட இவருக்கு ஆகாது. இசப்கோல் தண்ணீர் பட்டால் ஊதும். அரை டம்ளர் தண்ணீரில் கட்டியாகக் கரைத்து விழுங்கினால் உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். திடமானவர்களுக்கே முழு டம்ளர் தண்ணீர் வேண்டும். விழுங்கத் தடுமாறுகிறவருக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது சிறுநீரகம். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அரங்கில் பாதிப் பேருக்காவது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கும். கை தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்!

மில்க் ஆஃப் மெக்னீசியா. வெள்ளையாக, பால்போல, வாசனையாக இருக்கும். பார்த்தால் பயமே வராது. அதில் உள்ள மெக்னீசியத்தில் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கும். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். ஆனால் கிரியேட்டினின் ஏறியவரின் சிறுநீரகம்? தள்ளாது. இன்று இரண்டு மூடி, நாளை இரண்டு மூடி, போகவில்லையே என்று மறுநாள் நான்கு மூடி. மெக்னீசியம் ரத்தத்தில் தேங்கிக்கொண்டே போகும். முதலில் தூக்கக் கலக்கம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "வயசாச்சு, அசதி." பிறகு கை கால் தளர்ச்சி. ரத்த அழுத்தம் இறங்கும். நாடி மெதுவாகும். கடைசியில் மூச்சும் தளரும். மலச்சிக்கலுக்கு மருந்து குடித்தவர் ஐசியூவில் படுத்திருப்பார், காரணம் யாருக்கும் தோன்றாது. மருந்து என்று யாரும் அந்தப் பாட்டிலைக் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு வகை பாஸ்பேட் உப்பு. குடிக்கவும் உண்டு, எனிமாவாகவும் உண்டு. 2014 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது: 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் சிறுநீரகமும் இதயமும் கெடலாம், மரணமும் நேர்ந்திருக்கிறது என்று. யார் அதிகக் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். 55 வயதைத் தாண்டியவர்கள். உடலில் நீர் வற்றியவர்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள். குடல் அழற்சி உள்ளவர்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். டெல்மிசார்டான், லோசார்டான், எனாலாப்ரில் போன்ற பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். மூட்டு வலிக்கு இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இப்போது உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை நினைத்துப் பாருங்கள். இதில் எத்தனை உள்ளே இருக்கிறது? நம் தாத்தா பாட்டிகள் இந்தப் பட்டியலில் நான்கு வரியில் ஒரே சமயத்தில் நிற்கிறார்கள்!

சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். பேதி எடுக்கிற நாளன்று சாப்பாடு கஞ்சியோ மோர்ச்சோறோதான். ஆனால் இன்சுலினும் மாத்திரையும் மட்டும் வழக்கம்போல உள்ளே போகும். சாயங்காலம் வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தால், பேதியில் சத்து போயிற்று என்பார்கள். சத்து போகவில்லை, சர்க்கரை தாழ்ந்துபோயிற்று.

இதய நோயாளிகளுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. பேதியில் தண்ணீர் மட்டும் போகவில்லை, பொட்டாசியமும் போகிறது. காலில் வீக்கம் என்று நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதிலும் பொட்டாசியம் போய்க்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் கசிவு. பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பின் தாளம் தவறும். டிஜாக்சின் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், வழக்கமான அளவே அவருக்கு நஞ்சாக மாறலாம். "அப்படின்னா இளநீர் குடிச்சா சரியாப் போச்சு" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவர் குடிக்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு இளநீரின் பொட்டாசியம் அளவு மீறி ஏறி, இதயத்தையே நிறுத்திவிடலாம். ஒருவருக்குக் குறைவு ஆபத்து, இன்னொருவருக்கு மிகுதி ஆபத்து. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மருந்து பக்கத்து வீட்டோடு இருக்கட்டும் என்கிறேன்.

கர்ப்பிணிகள் விளக்கெண்ணெய் பக்கம் போகக் கூடாது. குடலைத் தூண்டுகிற அதே பொருள் கர்ப்பப்பைத் தசையையும் சுருங்கச் செய்யும். சீக்கிரம் வலி எடுக்கட்டும் என்று குடிக்க வைக்கிற வழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. ஏற்கெனவே சிசேரியன் ஆன பெண்ணுக்கு அது எவ்வளவு ஆபத்தான விளையாட்டு! கர்ப்ப கால மலச்சிக்கலுக்கு மிதமான மருந்துகள் இருக்கின்றன. பிரசவ டாக்டரைக் கேளுங்கள், தருவார்.

பெருங்குடல் புண் நோய் முற்றி, ரத்தமும் சீழுமாகப் போகிறவர்களுக்குத் தூண்டும் பேதி மருந்து கொடுத்தால் பெருங்குடல் ஊதி வெடிக்கும் நிலைக்குப் போகலாம். அதை அதிகம் விரிக்கவில்லை.

ஆனால் கல்லீரல் நோயை விரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கே கதை தலைகீழ். கல்லீரல் சுருங்கியவருக்கு மலம் கட்டினால் அம்மோனியா மூளைக்கு ஏறிப் புத்தி தடுமாறும். அவருக்கு லாக்டுலோஸ் என்ற பேதி சிரப்பே மருந்து. இளக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டும் என்று அளவு வைப்போம். இங்கே ஆபத்து எது? நிறுத்துவது ஆபத்து. அதிகம் கொடுத்துப் பத்துத் தடவை போகவிடுவதும் ஆபத்து. நீரும் உப்பும் வற்றினால் அதே புத்தித் தடுமாற்றம் திரும்பி வரும். இன்றைய கூட்டத்தில் பேதி மருந்து கெட்டது என்று கேட்டேன் என்று வீட்டுக்குப் போய் யாராவது அப்பாவின் லாக்டுலோஸ் பாட்டிலை எடுத்து ஒளித்துவைத்தால், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

சுவரோரம் நிற்கும் செவிலியர் பள்ளி மாணவிகளே, உங்களுக்கும் ஒன்று. உடம்பு இளைக்கத் தேநீர் என்று விற்கிறார்களே, பல பொட்டலங்களில் இருப்பது நம் திருநெல்வேலி நிலவாகைதான். அதில் கொழுப்பு கரைவதில்லை. சோற்றின் சத்தைச் சிறுகுடல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. நிலவாகை வேலை செய்வது அதற்கு அப்பால், பெருங்குடலில். தராசில் குறைவது தண்ணீர். கூடவே பொட்டாசியம்.

பேதி மருந்து பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. லஞ்சம் வாங்கியவரைப் பிடிக்க ரசாயனம் தடவிய நோட்டு என்று பேப்பரில் படிக்கிறோமே, கையைச் சோடாக் கரைசலில் கழுவினால் இளஞ்சிவப்பாகுமே, அந்தப் பினால்ப்தலீன் ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற பேதி மருந்து. ஹங்கேரியில் ஒயினை அடையாளம் காண அதைக் கலந்தார்கள், குடித்தவர்களுக்குப் பேதியானது, உடனே மருந்தாக்கிவிட்டார்கள்! சாக்லேட்டில் வைத்துக்கூட விற்றார்கள். விலங்குகளுக்குக் கட்டிகள் வருவதைக் கண்டபின் 1999இல் அமெரிக்கா அதைக் கடைகளிலிருந்து விலக்கியது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, கடையில் சும்மா கிடைக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக அதை நல்லது என்று எல்லோரும் நம்பினார்கள்.

நேரமாகிறது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மலச்சிக்கல் வந்தால், மலத்தில் ரத்தம் பட்டால், எடை குறைந்தால், காரணமில்லாமல் ரத்தசோகை என்று சொன்னால், பேதி மருந்தால் அதை மூடாதீர்கள். மாதக்கணக்கில் மருந்து குடித்துச் சமாளித்தவர்களின் பெருங்குடல் புற்றுநோயை நாங்கள் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம். தைராய்டு குறைந்தாலும் மலம் கட்டும். இரும்புச் சத்து மாத்திரையும் கட்டும்.

வீட்டில் யாருக்காவது வயிற்று வலி வந்தால் என்ன செய்வது? வலியோடு வாந்தி இருந்தால் வாய்வழி எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். காற்று கடைசியாக எப்போது பிரிந்தது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். பழைய ஆபரேஷன் சீட்டையும் தினமும் சாப்பிடும் மாத்திரைகளையும் பையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பேதி மருந்து கொடுத்துவிட்டீர்களா? பாட்டியை யாரும் திட்ட மாட்டோம். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷனா, ஸ்கேனா, காத்திருப்பதா என்று நாங்கள் முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.

கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பெயர் போட வேண்டாம். தம்பி, அந்தப் பின்வரிசைச் சீட்டுகளையும் வாங்கி மேடைக்கு அனுப்புங்கள்.